காருக்கு அடியில் இரண்டு நாட்கள்



நான் மோட்டார் மெக்கானிக் அல்லன். அரபுக் கல்லூரியில் ஏழு வருடங்கள் ஓதிப் பட்டம் பெற்று, பின்னர் மௌலவி ஆசிரியர் நியமனம் கிடைத்து, இன்று அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊரொன்றிலே பாடசாலைப் பிள்ளைகளுக்கு இஸ்லாமும் அரபும் படிப்பித்துக் கொண்டிருப்பவன். நஹ்வு, ஸர்பு பற்றிக் கேட்டால் ஓரளவு பதில் சொல்வேன். ஸ்பானரைப் பிடிக்கும் கை அல்ல இது. அப்படிப்பட்ட நான் ஒரு பழைய காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிய கதையை இங்கு எழுத வந்திருக்கிறேன் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது ஒரு மொரிஸ் மைனர் 1000. 1959ஆம் ஆண்டு வண்டி. 948 சீசீ எஞ்சின். மர்ஹூம் வாப்பா அவர்கள் 1984இல் அதை வாங்கி ஹயர் ஓடினார்கள். ஊரில் இன்று முப்பது, முப்பத்தைந்து வயதில் இருக்கும் பலர் பிறப்பதற்கு முன்னர் தம் உம்மாமாரோடு ஆஸ்பத்திரிக்குப் போனது இந்தக் காரிலேதான். வாப்பா வபாத்தான பின்னர் விற்கச் சொன்னவர்கள் அநேகர். மனம் வரவில்லை.

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கார் ஒரு விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். சாவியைத் திருப்பினால் இது ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருப்பிவிட்டு டாஷ்போர்டில் உள்ள குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். காலைக் குளிரில் என்றால் பக்கத்தில் உள்ள சோக் குமிழையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் முன் பம்பரில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதனூடாக ஹேண்டிலைச் செலுத்திக் கையால் சுற்றலாம். அப்படிச் சுற்றும்போது பெருவிரலையும் மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வாப்பா கற்றுத் தந்த பாடம். எஞ்சின் திருப்பி அடித்தால், ஹேண்டிலைச் சுற்றிப் பிடித்த பெருவிரல் முறிந்துவிடும்.

2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசைகளை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பத்தடி நகர்வதற்காக ஸ்டார்ட் பண்ணுவதும் நிறுத்துவதுமாக எத்தனை இரவுகள்! பெரும்பாலும் தள்ளினோம், தள்ள ஆளில்லாத வேளைகளில் குமிழை இழுத்தோம். அதன் பலனாக 2023 பெப்ரவரியில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் கரி பிரஷ்கள் தேய்ந்து போயின. எங்களூர் கராஜ் ஒன்றில் வேலை செய்த ஓர் இளைஞனிடம் கொடுத்தேன். என்னிடம் படித்த பிள்ளை. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கராஜுக்குப் போனவன். பஞ்சிகாவத்தையிலிருந்து பிரஷ் எடுப்பித்து, மோட்டாரை இரண்டு நாள் வைத்திருந்து, சரி செய்து பூட்டித் தந்தான். கார் அடித்த மாத்திரத்திலேயே ஸ்டார்ட் ஆனது.

ஏப்ரல் விடுமுறை வந்தது. கடற்காற்று எங்கள் பக்கத்து வாகனங்களின் அடித்தகட்டைத் தின்றுவிடும். காரின் அடிப்பக்கத்தை டிங்கர் வேலை செய்வித்தேன். வர்ணத்துக்கும் கூலி கேட்டார்கள். அதை மிச்சம் பிடிக்கலாம் என்று நானே கீழே படுத்து, அங்கங்கே போல்ட்டுகளைக் கழற்றி, ரெட் ஒக்சைட் இரண்டு பூச்சும் அதற்கு மேல் கறுப்பு வர்ணமும் அடித்து, எல்லாவற்றையும் மீண்டும் பூட்டினேன். என் வேலையைப் பார்த்து நானே மெச்சிக் கொண்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மே மாதத்தில் தொல்லை தொடங்கியது. குமிழை இழுத்தால் ‘டக்’ என்றொரு சத்தம். சில நாட்களில் எஞ்சின் இரண்டு சுற்றுச் சோம்பலாகச் சுற்றி நின்றுவிடும். சில நாட்களில் அதுவும் இல்லை. பெட்டரியைச் சார்ஜ் பண்ணிப் பார்த்தேன், புதுப் பெட்டரியை இரவல் வாங்கியும் பார்த்தேன், பலனில்லை. சுபஹுத் தொழுகை முடிந்து வந்து தினமும் ஹேண்டிலைச் சுற்றுவது என் உடற்பயிற்சி ஆனது.

அந்நாட்களிலே ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் சொன்ன கதை என் காதில் விழுந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் ஒரிஜினல் பாகங்களுக்கு நல்ல கிராக்கியாம். கராஜ்களில் நல்லதைக் கழற்றி விற்றுவிட்டு ஏதாவது ஒன்றைப் பூட்டி விடுகிறார்களாம். அவர் யாரையும் பெயர் சொல்லவில்லை. பெயரை நானே போட்டுக் கொண்டேன். இரண்டு நாள் வைத்திருந்தானே, ஏன் இரண்டு நாள்? அந்தக் கேள்வி ஒரு வாரம் என் நெஞ்சுக்குள் கிடந்து பெருத்தது. வகுப்பிலே ஸூறதுல் ஹுஜுராத்தை விளக்கிய அதே வாரம்!

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு நேரே கராஜுக்குப் போனேன். அங்கே கராஜ் முதலாளி, ஒரு டிரக்டர் டிரைவர், ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர், மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்ற வந்திருந்த முன்பின் தெரியாத ஒருவர் ஆகிய நால்வரும் இருந்தனர்.

“மகன், என்ட வாப்பாட ஸ்டார்ட்டர் எங்க?” என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. “உங்கட கார்லதான் கிடக்கு மௌலவி.”

“கார்ல கிடக்கிறது நீ பூட்டின சாமான். வாப்பாட மோட்டார் நாப்பது வருஷம் நின்டது. நீ கை வச்சு மூணு மாசம் நிக்கல்ல. அத எங்க வித்தாய்?”

எண்ணெய்க் கையைத் துடைத்துக் கொண்டே நின்றான். பின்னர் மெதுவாக, “மௌலவி, ஒருக்கா ஏர்த்தப் பாருங்க…” என்று தொடங்கினான். “நீ எனக்குப் படிப்பிக்கத் தேவல்ல” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது என் கோபத்துக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. மோட்டாரைக் கழற்ற வேண்டும். அது வாப்பாவுடையது அல்ல என்று கண்டுகொள்ள வேண்டும். கொண்டு போய் அந்தக் கராஜ் மேசையில் வைக்க வேண்டும். வாப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காரின் முக்கியமான பாகம் ஒவ்வொன்றிலும் உளியால் இரண்டு புள்ளியும் தன் பெயரின் முதலெழுத்தும் வெட்டி வைப்பார்கள். ஆகவே அடையாளம் காண்பதில் கஷ்டமில்லை என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் சாரத்தை மடித்துக் கட்டினேன். பதினொரு வயது மகள் ஸ்பானர் எடுத்துத் தரும் பொறுப்பை ஏற்றுக் கொண்டாள். மனைவி வாசலில் நின்று, “தெரிஞ்ச ஆள்ட குடுத்தா ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிரும்” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஸ்டார்ட்டர் மோட்டார் என்பது சிறிய, ஆனால் முரட்டுத்தனமான ஒரு மின் மோட்டார். குமிழை இழுத்ததும் அதன் அச்சு வேகமாகச் சுழல, அச்சிலுள்ள சிறு பற்சக்கரம் திருகு மரைவழியே பாய்ந்து எஞ்சினின் பெரிய சக்கரப் பல்லோடு கோத்து அதைச் சுற்றும். எஞ்சின் பிடித்துக் கொண்டதும் அந்தப் பல்லே இதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆக, அதன் வேலை சில வினாடிகள்தான். அந்தச் சில வினாடிகளில் அது இழுக்கும் மின்சாரமோ காரின் விளக்குகள் எல்லாம் சேர்ந்து இழுப்பதைவிடப் பல மடங்கு.

என் காரில் அது எஞ்சினின் வலது பக்கம், பின்னாலே, கீழே ஒளிந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரும் ஒயில் பில்ட்டரும் அதே பக்கம். ஸ்டியரிங் தண்டும் அந்தப் பக்கமாகவே இறங்குகிறது. போனட்டைத் திறந்து பார்த்தால், ஆற்றுக்குள் விழுந்த மோதிரத்தைப் பார்ப்பது போல மோட்டாரின் முதுகு மட்டும் தெரியும்.

முதலில் பெட்டரி வயரைக் கழற்ற வேண்டும். இங்கேயே ஒரு விசேஷம். இன்றைய வாகனங்களில் நெகட்டிவ் முனை பொடியோடு இணைந்திருக்கும். இந்தக் காரில் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு இணைந்தது. அதைக் கழற்றி ஒதுக்கி வைத்தேன். அடுத்தது மோட்டாருக்கு வரும் தடித்த வயர். அதன் நட்டை அவசரப்பட்டுத் திருகினால் உள்ளேயுள்ள ஆணியும் சேர்ந்து சுழன்று முறிந்துவிடும். நிதானமாகச் சுழற்றினேன்.

மோட்டாரைப் பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். மேல் போல்ட்டுக்கு மேலிருந்து கை போகும், டிஸ்ட்ரிபியூட்டர் வழிவிட்டால். அதன் மூடியைக் கழற்றினேன், போதவில்லை. முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தால் எஞ்சினின் டைமிங் குழம்பிவிடுமே என்ற பயம். வாப்பா ஒருமுறை எடுத்தது நினைவில் இருந்தது: நடுவிலுள்ள இறுக்கும் போல்ட்டைத் தொடக்கூடாது, தகட்டை எஞ்சினோடு பிடிக்கும் இரண்டு சிறிய ஸ்குரூக்களை மட்டும் கழற்ற வேண்டும். அதன் அடி நாக்கு நடுவை விட்டுச் சற்று விலகி அமைந்திருப்பதால், திரும்பப் பூட்டும்போது ஒரே விதமாகத்தான் உட்காரும். செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான்.

மேல் போல்ட் அரை மணித்தியாலத்தில் வந்தது. கீழ் போல்ட்தான் என்னைச் சோதித்தது.

காரை ஜெக்கில் உயர்த்தி, பெரிய மரக்குத்திகளை அடியில் கொடுத்தேன். வாசகர்களே, ஜெக்கை மட்டும் நம்பி எந்த வாகனத்தின் கீழும் போகாதீர்கள். அது சறுக்கினால் இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது. கீழே படுத்துப் பார்த்தால், கண் போகும் வழியில் கை போகாது. கை போகும் வழியில் கண் போகாது. தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என்னிடமிருந்த 14 மில்லிமீற்றர் ஸ்பானர் ஏறவில்லை. 15 போட்டால் வழுக்கியது. அப்போதுதான் வாப்பாவின் தகரப் பெட்டியை மகள் இழுத்து வந்தாள். அதிலிருந்த 9/16 அங்குல ரிங் ஸ்பானர் கச்சிதமாக உட்கார்ந்தது. 9/16 அங்குலம் என்பது 14.29 மில்லிமீற்றர். அந்தக் கால் மில்லிமீற்றர் வித்தியாசத்துக்காகப் போல்ட்டின் தலையைத் தேய்த்தே அழித்திருப்பேன்.

உட்கார்ந்தும் அசையவில்லை. துரு. எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, இரவு முழுக்க ஊறவிட்டேன். ஞாயிறு காலை ‘டிக்’ என்றது. அந்தச் சத்தத்தின் இன்பத்தை எழுத எனக்குத் தமிழும் போதாது, அரபும் போதாது. ஆனால் ஸ்பானர் அசைய அங்கே இடம் அவ்வளவே. பன்னிரண்டு முனை ரிங் என்பதால் ஒவ்வொரு பிடியிலும் 30 பாகை திருப்பலாம். ஒரு முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டு பிடி. முகத்தில் மண் கொட்டக் கொட்ட எண்ணிக்கொண்டே திருகினேன். லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில் போல்ட் கையில் விழுந்தது. மோட்டாரை முன்பக்கமாக இழுத்து, சரித்து, இன்னும் சரித்து, வெளியே எடுத்தேன். பிடித்த கை நடுங்கியது. நல்ல பாரம்.

முற்றத்துச் சாக்கில் வைத்து மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். காரில் இருக்கும்போது எஞ்சின் பக்கம் மறைந்திருந்த பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டு புள்ளி. அடுத்து வாப்பாவின் பெயரின் முதலெழுத்து.

மகள்தான் முதலில் சொன்னாள், “வாப்பா, இது மூத்தவாப்பாட எழுத்துதானே?”

நான் நம்பாமல் மோட்டாரின் பட்டியைக் கழற்றிப் பார்த்தேன். பிரஷ்கள் புதியவை, பாதிகூடத் தேயவில்லை. உட்புறக் கரித்தூள் முழுக்கத் துடைக்கப்பட்டிருந்தது. பற்சக்கரம் ஓடும் திருகு மரை எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்து சுத்தமாக இருந்தது. எண்ணெய் பட்டால் அதில் தூசு பிடித்துச் சக்கரம் சிக்கிக்கொள்ளும் என்பது தெரிந்தவன் செய்த வேலை. ஒரு பழைய டயருக்குள் மோட்டாரை இறுக்கி வைத்து, பெட்டரியிலிருந்து ஜம்பர் வயர் கொடுத்தேன். துள்ளிக்கொண்டு உறுமியது. அதில் ஒரு குறையும் இல்லை.

வெகு நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார், ஆறிப் போனது. அப்போது மகள் கேட்டாள்: “அப்படியென்டா ஏன் வாப்பா அந்தச் சோக்குப் பிடி சுடுற?”

ஒரு மாதத்துக்கு முன்னரே அவள் அதைச் சொல்லியிருந்தாள். நான் ஸ்டார்ட்டரை இழுக்கும்போது சோக் குமிழைப் பிடிப்பது அவள் வேலை. “வாப்பா, இது சுடுது” என்றாள். “எஞ்சின் சூடு மகள்” என்றேன். இரவு முழுக்க நின்ற எஞ்சின் அதிகாலையில் எப்படிச் சூடாகும் என்று யோசிக்கவில்லை. அவளுக்கும் நான் செவி கொடுக்கவில்லை, அவனுக்கும் கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். பெட்டரியையும் மோட்டாரையும் ஒரு வயர் மட்டும் இணைத்தால் போதாது. மின்சாரம் ஒரு வட்டமாகச் சுற்றி வரவேண்டும். மோட்டார் எஞ்சினோடு பூட்டப்பட்டிருக்கிறது, பெட்டரியின் மறுமுனை பொடியோடு இணைந்திருக்கிறது. எஞ்சினோ ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே கியர் பொக்ஸிலிருந்து பொடிக்கு ஒரு பின்னல் வயர்ப் பட்டை போகிறது. ஏர்த் என்று மெக்கானிக்மார் சொல்வது அதைத்தான். அது சரியாகப் பிடிக்காவிட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் இடையில் போகும் சோக்கின் மெல்லிய கம்பி அதற்குக் கிடைக்கும். அந்தக் கம்பியால் அவ்வளவு மின்சாரத்தைச் சுமக்க முடியாது. அது சூடேறும், புகையும், எரியவும் கூடும். என் பிள்ளையின் விரல் அதைத்தான் பிடித்திருந்தது!

மீண்டும் காருக்கு அடியில் போனேன். பட்டை பொடியில் சேரும் இடத்தைத் தேடினேன். பளபளவென்று இரண்டு பூச்சு ரெட் ஒக்சைட், அதற்கு மேல் கறுப்பு, அதற்கு மேல் பட்டை. நான் பூசிய வர்ணம்; நான் பூட்டிய போல்ட். இரும்பை இரும்பு தொடவே இல்லை.

கத்தியால் சுரண்டி, அரத்தாளால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்ததும் இறுக்கிப் பூட்டினேன். பத்து நிமிட வேலை. இன்னுமொன்றும் சொல்கிறேன்; உங்களில் யாருக்காவது உதவும். ஸ்டார்ட்டர் சோம்பினால் அதைக் கழற்றுவதற்கு முன், பெட்டரியின் ஏர்த் முனையிலிருந்து ஒரு தடித்த ஜம்பர் வயரை எடுத்து நேரே எஞ்சினின் வெற்று இரும்பில் பிடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். நன்றாகச் சுற்றினால் மோட்டாரில் பிழையில்லை, ஏர்த்தில்தான் பிழை. ஒரு போல்ட்டையும் தொடத் தேவையில்லை. அந்தப் பிள்ளை அன்று சொல்ல வாயெடுத்ததும் இதைத்தான்.

பூட்டும் வேலை திங்கள் மாலைவரை சென்றது. கீழ் போல்ட்டை ஸொக்கட்டுக்குள் கிறீஸ் பூசி ஒட்டவைத்து ஏற்றும் உபாயத்தைக் கண்டுபிடிக்கும்வரை அது என் நெஞ்சில் பத்துத் தடவை விழுந்திருக்கும். குமிழை இழுத்தேன். வாப்பாவின் காலத்துச் சத்தத்தோடு எஞ்சின் பிடித்தது. அல்ஹம்துலில்லாஹ். சோக் குமிழைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

அந்தக் காரிலேயே கராஜுக்குப் போனேன். அவன் இல்லை. நான் பேசிவிட்டு வந்த மூன்றாம் நாளே முதலாளி அவனை நிறுத்திவிட்டாராம். “மௌலவியே சொன்ன பொறகு நான் எப்படி வச்சிருக்கிற?” என்றார். வீட்டுக்குப் போனேன். அவனுடைய உம்மா கதிரை இழுத்துப் போட்டு, “வாங்க மௌலவி” என்று உபசரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மகன் சம்மாந்துறையில் நல்ல கராஜ் கிடைத்துப் போய்விட்டதாக மட்டும் அறிந்திருந்தார். அவன் வீட்டிலும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவர் அழவில்லை, முந்தானையைச் சரி செய்துகொண்டு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

சம்மாந்துறைக்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவைதான் சந்தித்தேன். மன்னிப்புக் கேட்டேன். குனிந்து நின்று கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, “டிஸ்ட்ரிபியூட்டர எடுத்தா பூட்டின நீங்க?” என்றான். போனட்டைத் திறந்தான், ஒரு ஸ்குரூவை இன்னும் அரைச் சுற்று இறுக்கினான். பழைய கராஜுக்குத் திரும்பி வா, நான் முதலாளியிடம் பேசியிருக்கிறேன் என்றேன். “வேணாம் மௌலவி, இஞ்ச நல்லம்” என்றான். அதற்கு மேல் நான் என்ன பேச?

அன்று அங்கே இருந்த நால்வரில் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். தபாலதிபர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். டிரக்டர் டிரைவரை அறுவடைக் காலத்தில் வயற்கரையில் பிடித்துச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் வந்தவர் யாரென்று எவருக்கும் தெரியவில்லை. வெளியூர்க்காரர், சிவப்பு நிற மோட்டார் சைக்கிள், பின் டயர் மாற்றிக்கொண்டு போனவர். நான் போனதன் பின்னர் அவர் எந்த ஊரில், யாரிடம், என்ன சொன்னாரோ!

இச்சஞ்சிகை கிழக்கில் அநேக வீடுகளுக்குப் போகிறது. இதை எழுதியது அதற்காகத்தான். 2023 ஜூன் மாதத்தில் ஒரு மாலை வேளை, கராஜ் ஒன்றில் ஒரு மௌலவி ஓர் இளைஞனைக் கள்ளன் என்று ஏசுவதைக் கேட்டவர் நீங்களாக இருந்தால், அல்லது அவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவு செய்து அறிந்து கொள்ளுங்கள்: அந்தப் பிள்ளை எதையும் எடுக்கவில்லை. வாப்பாவின் ஸ்டார்ட்டர் மோட்டார் அவருடைய எழுத்தோடு இன்றும் என் காரில்தான் இருக்கிறது.